அசையாத பிள்ளை

ஜூன் 3

குட்டியின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் படிக்கப்போகும் ஜெயில் அதிகாரிக்கு முதலில் வணக்கம். ஐயா, இதில் ரகசியம் எதுவும் இல்லை. ஒரு பெண்டாட்டி தன் புருஷனைத் திட்டி எழுதுகிறாள், அவ்வளவுதான். நிதானமாகப் படியுங்கள்.

இனி உங்களுக்கு. ஆஸ்பத்திரியில் நீங்கள் அடித்துப் போட்ட ரேடியேஷன் டெக்னீஷியன் பிழைத்துக்கொண்டார். வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது, தோள்பட்டை இறங்கிவிட்டது. முன்பல் ஒன்று தரையில் கிடந்தது. நர்ஸ் அதைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். நீங்கள் வீசிய இரும்பு ஸ்டூல் அவரோடு நிற்கவில்லை. சுவரில் இருந்த லேசர் பெட்டியிலும் மோதி அது கோணிக்கொண்டது. அதிலிருந்து வரும் பச்சைக் கோட்டை வைத்துத்தான் நோயாளிகளை நேராகப் படுக்கவைப்பார்கள். அது சரியாகும்வரை அந்த அறையில் யாருக்கும் ரேடியேஷன் இல்லை. வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். போகும்போது ஒவ்வொருவரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அதற்கு நீங்கள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஏன் அடித்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "எம் பொண்ணு மூஞ்சியில அடிச்ச தடம் இருந்துச்சு" என்றீர்களாம். அது அடித்த தடம் இல்லை. அன்றைக்கே கத்தினேன், உங்கள் காதில் ஏறவில்லை. இப்போது உங்களுக்கு வேறு வேலை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

குட்டியின் பின்மண்டையில் இருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது. ஆனால் அதன் துகள் மூளையைச் சுற்றி ஓடும் நீரில் கலந்து முதுகுத்தண்டில் எங்கே வேண்டுமானாலும் போய் ஒட்டியிருக்கலாம். அதனால் மூளை முழுக்க, தண்டு முழுக்க ரேடியேஷன் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் டாக்டர் சொன்ன நாளில் நீங்கள் வரவில்லை. எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்கவும் இல்லை, கேட்டால் என்ன நடக்கும் என்று தெரியும்.

இதற்குக் குப்புறப் படுக்க வேண்டும். முகத்துக்குக் கீழே ஒரு வலை மாஸ்க். வெந்நீரில் போட்டால் துணிபோலத் தொளதொளவென்று ஆகும், முகத்தில் அழுத்தினால் ஆறி அந்த முகத்தின் வடிவிலேயே இறுகிவிடும். பின்மண்டைக்கு மேல் இன்னொரு வலை. இரண்டையும் பலகையோடு சேர்த்து கிளிப் போட்டு இறுக்குவார்கள். தாடையை நன்றாக நீட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகுப் பக்கம் நுழையும் கதிர் முன்னால் வெளியேறும்போது வாயையும் சேர்த்துப் புண்ணாக்கிவிடும். அதற்காகத்தான் அவர் அவள் தாடையைப் பிடித்து இழுத்தார். வெளியே இருக்கும் கேமரா டிவியில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

எழுந்து வரும்போது கன்னமெல்லாம் வலை பதிந்து சிவந்திருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் மறைந்துவிடும். விரல் தடம் எப்படி இருக்கும், பெல்ட் தடம் எப்படி இருக்கும், எது எப்போது நீலமாகும், எப்போது மஞ்சளாகும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட ஆள் இதில் ஏமாந்துவிட்டீர்களே.

அவளைப் பிடித்து உலுக்கி, "யாரு அடிச்சா, சொல்லு" என்று கேட்டீர்கள். அவள் வாய் திறக்கவில்லை. டெக்னீஷியனுக்குப் பயந்து சொல்லாமல் இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். நம் வீட்டில் அந்தக் கேள்விக்கு யார் எப்போது வாய் திறந்திருக்கிறோம்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அவரைக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. நல்லவேளை, அடி வாங்குவது நான் இல்லை என்ற நிம்மதிதான். அதை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

கடிதம் முழுக்க "நீங்கள், உங்கள்" என்று வந்திருக்கிறது. பழக்க தோஷம். மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குட்டியின் அம்மா


ஜூன் 9

அடியே,

உன் கடிதத்தை அதிகாரி சிரித்துக்கொண்டே கொடுத்தார். பக்கத்தில் நின்ற இரண்டு காவலர்களுக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார். புருஷன் மானத்தைக் கப்பலேற்ற உனக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா? மருந்துக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்று வருகிறவன் போகிறவனிடம் பேசிப் பேசி உனக்கு வாய் நீண்டுவிட்டது. வெளியே வந்ததும் பேசிக்கொள்வோம்.

எந்த அப்பன் பொறுப்பான், நீயே சொல். ஒரு சின்னப் பிள்ளையைக் குப்புறப் போட்டு, தலையைப் பலகையோடு இறுக்கிவிட்டு, எல்லோரும் வெளியே ஓடிவந்து ஒரு கதவைச் சாத்துகிறார்கள். அந்தக் கதவு வங்கி லாக்கர் கதவைவிடத் தடிமன். உள்ளே அவள் மட்டும். டிவியில் பார்த்தால் செத்த உடம்பு மாதிரி கிடக்கிறாள். வெளியே வந்தால் முகமெல்லாம் வரிவரியாகச் சிவப்பு. கேட்டால் பதில் இல்லை. அந்த ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அந்தப் பல்லைத்தான் உடைத்தேன். மாஸ்க், வலை என்று முன்னாலேயே எவனாவது எனக்குச் சொன்னானா?

இங்கே பக்கத்துப் படுக்கைக்காரன் ஒருவன் குட்டியின் போட்டோவை என்னைக் கேட்காமல் கையில் எடுத்துப் பார்த்தான். மொட்டைத் தலையைப் பார்த்து, பையனா பொண்ணா என்று கேட்டான். அவன் விரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினேன். குச்சி ஒடிகிற சத்தம் வந்த பிறகுதான் விட்டேன். அப்புறம் காவலர்கள் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் நன்றாகவே கவனித்தார்கள். இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

குட்டிக்கு ரேடியேஷன் நிற்கக் கூடாது. நின்றது என்று கேள்விப்பட்டால் நான் வெளியே வந்து அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிகூட மிச்சம் இல்லாமல் பண்ணிவிடுவேன். இதை அவர்களிடம் சொல். இல்லை, வேண்டாம், சொல்லாதே. சொன்னால் அதற்கும் ஒரு கேஸ் போடுவார்கள்.

அவள் சாப்பிடுகிறாளா?


ஜூன் 17

குட்டியின் அப்பாவுக்கு,

சாப்பிடுகிறாள், பாதி வெளியே வந்துவிடுகிறது. நாக்கில் ருசியே தெரியவில்லை என்கிறாள்.

ரேடியேஷன் மறுபடி ஆரம்பித்துவிட்டது. உங்கள் மிரட்டலால் இல்லை. உங்கள் குடும்பத்துப் பிள்ளையை இனி தொடமாட்டோம் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. லேசர் சரியாகி மற்றவர்களெல்லாம் உள்ளே போய்வந்தார்கள், நாங்கள் மட்டும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். இப்படி நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் கொடுத்ததும் வீண் என்று டாக்டர் சொன்னார். என் அக்காதான், நாம் இரண்டு பேரும் போய் டெக்னீஷியன் காலில் விழுவோம் என்றாள். அதற்குள் அவரே மாவுக்கட்டோடு வந்து நின்றார். பிள்ளை என்ன பாவம் செய்தது என்று கேட்டு மற்றவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கட்டுப் போட்ட கையால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் மேலே, தோளைக் கீழே இறக்கு என்று சொல்லிச் சொல்லிச் செய்யவைக்கிறார். குட்டி அவருக்கு "கோடு மாமா" என்று பெயர் வைத்திருக்கிறாள். முதலில் அவள் முதுகில் பேனாவால் கோடு போட்டவர் என்பதால்.

அந்தக் கோடு எதற்கு என்று எனக்கு விளக்கினார். தலைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கதிர் வருகிறது. முதுகுக்கு மேலிருந்து வருகிறது. இரண்டும் கழுத்தில் ஒரு இடத்தில் சேர வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டால் அந்த இடத்தில் தண்டுக்கு இரட்டை அளவு விழுந்து கை கால் போய்விடலாம். நடுவில் இடைவெளி விழுந்தால் அங்கே ஒளிந்திருக்கிற நோய் தப்பித்து மறுபடி முளைக்கும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை அந்தச் சேரும் இடத்தையே கொஞ்சம் தள்ளி வைக்கிறார்கள். தப்பு நடந்தாலும் ஒரே இடத்தில் விழக் கூடாதாம். இவ்வளவும் எதை நம்பி? படுத்திருக்கிற பிள்ளை அசையாது என்பதை நம்பித்தான்.

நேற்று அவர் என்னிடம் கேட்டார். "இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு மயக்க ஊசி போடாம குப்புறப் படுக்கவைக்கவே முடியாதும்மா. இவ கல்லு மாதிரி கிடக்கிறா. மூச்சு விடறதுகூட வெளியே தெரியல. எப்படிப் பழக்குனீங்க?"

வீட்டில் சிலை விளையாட்டு விளையாடுவோம் என்று சொன்னேன். அவர் அதை ரசித்துச் சிரித்தார், மற்ற அம்மாக்களிடமும் சொல்லப்போகிறேன் என்றார்.

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் வண்டியை நிறுத்துகிற விதத்திலேயே அன்றைக்கு எப்படி என்று எனக்குத் தெரிந்துவிடும். ஸ்டாண்டை உதைக்கிற சத்தம் கேட்டதும் அவளைக் கட்டிலுக்கு அடியில் அனுப்பிவிடுவேன். குப்புறப் படு, கையை உடம்போடு ஒட்டி வை, மூக்கால் மட்டும் மெதுவாக மூச்சு விடு, என்ன சத்தம் கேட்டாலும் அசையாதே, நான் வந்து கூப்பிடும்வரை நீ அங்கே இல்லை. இதுதான் அவளுக்கு நான் கொடுத்த பயிற்சி. ஒருமுறை என் தலை கட்டில் காலில் மோதிக் கீழே விழுந்தேனே, அப்போது அவள் முகமும் என் முகமும் ஒரே மட்டத்தில் எதிரெதிரே இருந்தன. என் நெற்றி ரத்தம் ஓடி அவள் கைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவள் விரலைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை.

அவளை ஆஸ்பத்திரிக்கு நீங்கள்தான் தயார் பண்ணி அனுப்பியிருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

குட்டியின் அம்மா


ஜூன் 24

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பொறுக்கி எடுத்து ஒட்டவைத்துப் படித்தேன். சிரித்தவன் ஒருவனை அடிக்கப் போய், அடிக்காமல் சுவரில் குத்தினேன். முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

நீ எழுதியது பொய். கட்டிலுக்கு அடியில் அவள் விளையாடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். பொம்மையெல்லாம் அங்கேதான் கிடக்கும். என் பிள்ளையை எனக்கு எதிராகத் திருப்பிவிட்டிருக்கிறாய். அப்பன் வந்தால் ஓடி ஒளிந்துகொள் என்று சொல்லிக்கொடுக்கிற பொம்பளை நீ ஒருத்திதான் இருப்பாய். அவள்மேல் என்றைக்காவது என் கை பட்டிருக்கிறதா? நெஞ்சைத் தொட்டுச் சொல். உன்னை அடித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. எந்த வீட்டில் இல்லை? நீ வாயை அடக்கினால் நான் கையை அடக்குவேன்.

அந்தச் சேர்கிற இடத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அது எனக்குப் புரிந்தது. இருபது வருஷமாக வெல்டிங் பண்ணுகிறேன். கேட் விழுகிறது, தொட்டி ஒழுகுகிறது என்றால் தகடு விட்டுப்போயிருக்காது, இரண்டு தகடு சேர்கிற இடம்தான் விட்டுப்போயிருக்கும். கிளாம்ப் போடாமல் பற்றவைத்தால் சூட்டில் தகடு நகரும். அதனால்தான் அவளை அப்படி இறுக்குகிறார்கள் என்று இப்போது தெரிகிறது. அந்த ஆள் இதை எனக்கு இரண்டு வார்த்தையில் சொல்லியிருந்தால் அவன் பல் அவன் வாயிலேயே இருந்திருக்கும்.

என் தம்பியை அந்த டெக்னீஷியனிடம் அனுப்புகிறேன். அவர் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டால் நான் உடனே வெளியே வந்துவிடலாம் என்று வக்கீல் சொல்கிறார். நீயும் ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் கேட்பார், உன் பேச்சில் மயங்காதவன் யார்? குட்டிக்கு இந்த நேரத்தில் அப்பா பக்கத்தில் வேண்டும். அவளுக்குப் பதில் அந்தப் பலகையில் என்னைக் கட்டிப்போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் சுடட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

கட்டில் விஷயத்தை யாரிடமும் சொல்லாதே. சொன்னாய் என்று தெரிந்தால் எனக்கே தெரியாது நான் என்ன செய்வேன் என்று.


ஜூலை 5

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் தம்பி டெக்னீஷியனைப் பார்க்க வந்திருந்தார். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்போது எனக்கு வேறு கவலை.

குட்டி அசைய ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் கால் கட்டைவிரல் மட்டும். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அப்புறம் மாஸ்க்குக்குள்ளிருந்து பாட்டு. வாய் திறக்க முடியாததால் மூக்காலேயே பாடுகிறாள், வெளியே மைக்கில் கேட்டுவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள், முதுகு அரிக்கிறது என்று கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சொறிந்தாள். கதிர் ஓடிக்கொண்டிருக்கும்போதே. மெஷினைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடினார்கள். படம் எடுத்துப் பார்த்தால் தோள் ஏறி, கழுத்துக் கோடு விலகியிருந்தது. மறுபடி படுக்கவைத்தால் மறுபடி நெளிகிறாள். நர்ஸ் அதட்டினாள். இந்தப் பிள்ளை அதட்டலுக்குச் சிரிக்கிறது.

வீட்டிலும் அப்படித்தான். கதவை டமாலென்று சாத்துகிறாள். என் அக்காவோடு மல்லுக்கு நிற்கிறாள். போன வாரம் ஒரு தட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேசாமல் துடைப்பத்தை எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தட்டு விழுந்தது. அது கைதவறி விழவில்லை.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிள்ளை பிள்ளையாகிறாள். ஆனால் இன்னும் பாதி சிகிச்சைகூட முடியவில்லை. மயக்கம் கொடுத்துத்தான் இனி படுக்கவைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். மயக்கம் கொடுத்தால் மூச்சு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க முகம் மேலே இருக்க வேண்டும், குப்புறப் போட முடியாது. மல்லாக்கப் படுக்கவைக்க எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புது மாஸ்க், புது ஸ்கேன், கழுத்துச் சேர்க்கைக்குப் புதுக் கணக்கு. அதுவரை இடைவெளி. அப்புறம் தினமும் வெறும் வயிற்றில் போய் ஊசி போட்டுத் தூங்கி எழ வேண்டும். ஏற்கெனவே ரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இன்னும் இரண்டு மூன்று நாள் அவளைப் பழக்கிப் பாருங்கள் அம்மா, உங்கள் சிலை விளையாட்டை விளையாடுங்கள் என்கிறார்.

கோடு மாமா வேறு ஒன்று சொல்கிறார். "அப்பா இருந்தவரைக்கும் அசையல. அவர் உள்ளே போய் நாளாக நாளாகத்தான் இப்படி. அப்பாவத் தேடுதும்மா பிள்ளை." சொல்லிவிட்டுத் தன் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்மேலும் குட்டிமேலும் அவ்வளவு இரக்கம். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பத்து வருஷப் பழக்கம், சட்டென்று திறக்கவில்லை.

குட்டியின் அம்மா


ஜூலை 11

என் தங்கமே,

நல்ல செய்தி. அந்த மனுஷன் புகாரைத் திரும்ப வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தம்பி வந்து சொல்லிவிட்டுப் போனான். குழந்தைக்கு அப்பா வேண்டும், அதற்காகத்தான் செய்கிறேன், உங்கள் அண்ணனுக்காக இல்லை என்றாராம். எதற்காக இருந்தால் என்ன. திங்கட்கிழமை கோர்ட்டில் முடித்து அடுத்த வாரம் விட்டுவிடுவார்கள்.

பார்த்தாயா? குட்டி அப்பாவைத் தேடுகிறாள் என்று நான் சொல்லவில்லை, நான் கையை உடைத்த ஆளே சொல்கிறார். நீ என்னென்னவோ எழுதினாய். பிள்ளை யாரைத் தேடுகிறாள் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

நான் மாறிவிட்டேன். இங்கே இருந்தால் எவனும் மாறுவான். நேற்று ஒருவன் என் தட்டில் துப்பினான், ஒன்றும் செய்யாமல் எழுந்து வந்துவிட்டேன். செய்திருந்தால் விடுதலை தள்ளிப்போகும். இனிமேல் உன்மேல் கை வைக்க மாட்டேன், குட்டிமேல் சத்தியம். நீயும் என்னை அந்த அளவுக்குக் கொண்டுபோகாமல் இருந்தால் போதும்.

உன் அக்காவை நான் வருவதற்குள் அனுப்பிவிடு. மருந்துக் கடை வேலையையும் விட்டுவிடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். நீ எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வந்து ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசலாம்.

இதைப் படித்ததும் குட்டியிடம் சொல். அப்பா அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல். அப்புறம் பார், எப்படிப் படுக்கிறாள் என்று.

உன் புருஷன்


ஜூலை 18

குட்டியின் அப்பாவுக்கு,

சொன்னேன். நீங்கள் சொல்லச் சொன்னபடியே, ரேடியேஷன் அறைக்கு வெளியே உடை மாற்றும்போது சொன்னேன். அப்பா அடுத்த வாரம் வருகிறாராம் என்றேன். அவள் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்தாள்.

உள்ளே போய் அவளாகவே பலகையில் ஏறிக் குப்புறப் படுத்தாள். முகத்தை மாஸ்க்கில் வைத்தாள், கையை உடம்போடு ஒட்டிக்கொண்டாள். யாரும் தாடையை இழுக்க வேண்டியிருக்கவில்லை, அவளே நீட்டினாள். டிவியில் பார்த்தேன். கல். முதுகு ஏறி இறங்குவதுகூடத் தெரியவில்லை. படம் எடுத்தார்கள், கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. கோடு மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, அப்பா வர்றாருன்னதும் பொண்ணு எப்படிப் படுத்துட்டா!" என்று இடது கையால் என் தோளில் தட்டினார். டாக்டரும் வந்து பார்த்தார். மயக்கம் தேவையில்லை, இப்படியே மிச்சத்தையும் முடித்துவிடலாம் என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் தோன்றியது. இப்படியே முடித்துவிடலாமே. இடைவெளி இல்லை, ஊசி இல்லை, பட்டினி இல்லை. நீங்கள் வரப்போகிறீர்கள் என்ற பயத்திலேயே அவள் உயிர் பிழைத்துவிடுவாள். நான் தினமும் காலையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா வருகிறார்.

எழுந்து வந்தபோது பார்த்தேன், உடை நனைந்திருந்தது. மூத்திரம் போயிருக்கிறாள். போனபோதும் அசையவில்லை.

அந்த இடத்திலேயே கோடு மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வண்டி ஸ்டாண்டு சத்தம், கட்டில், என் நெற்றி, சிலை விளையாட்டு பொய் என்பது, எல்லாம். யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவைத் தேடுகிறது என்று நம்பி நானே கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். "அத இனிமே திரும்ப வாங்க முடியாதும்மா" என்றார்.

"நீங்க உங்க புகார வாங்கிட்டீங்க. நான் இன்னும் என் புகாரக் குடுக்கலியே" என்றேன்.

அவரே எழுந்து என்னைக் கீழே எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் விலா எலும்பில் இரண்டு இடத்தில் முறிந்து கோணலாக ஒட்டிய தடம் இருக்கிறது. எப்போது நடந்தது என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நாள் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். நானும் அக்காவும் அந்தப் படத்தோடு நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். நீங்கள் இருக்கும் ஜெயிலுக்கே கேஸ் தாள் போய்விட்டதாக இன்ஸ்பெக்டர் இன்றைக்குச் சொன்னார். அந்த வழக்கு முடிந்தாலும் இந்த வழக்குக்கு உங்களை அங்கேயே வைத்துக்கொள்வார்களாம். வெளியே வர முடிந்தால்கூட வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு கேட்டிருக்கிறேன். அக்கா என்னோடுதான் இருக்கிறாள். கடை வேலையையும் விடவில்லை.

இனி மயக்கம் கொடுத்தே படுக்கவையுங்கள் என்று நான் சொன்னதற்கு ரேடியேஷன் டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். நன்றாகப் படுத்த பிள்ளையைக் கெடுத்துவிட்டீர்களே, இந்த இடைவெளியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். நான்தான் பொறுப்பு என்று சொன்னேன். மல்லாக்கப் படுக்கப் புது மாஸ்க் செய்தாகிவிட்டது, கோடு மாமா இடது கையாலேயே அழுத்தி அழுத்திச் செய்தார். நாளையிலிருந்து மயக்கம் கொடுத்து ஆரம்பிக்கிறார்கள். பிழைப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. பயந்து கிடந்து பிழைக்க வேண்டாம் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

புகார் கொடுத்துவிட்டு வந்த சாயங்காலம் குட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அப்பா வரமாட்டார் என்று சொன்னேன். அடுத்த வாரமும் வரமாட்டார், அதற்கடுத்த வாரமும் வரமாட்டார் என்றேன்.

"அப்ப நான் அசையலாமாம்மா?" என்று கேட்டாள்.

உன் இஷ்டம் போல அசைடி என்றேன். அன்றைக்கு அவள் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, கட்டில் முழுக்க உருண்டு, கையை வீசி, காலை வீசி, என்னை உதைத்துத் தள்ளிவிட்டாள். விலாவில், அந்தப் பழைய முறிவுக்கு மேலேயே ஒரு உதை. நன்றாகக் கன்றிப்போயிருக்கிறது. அதை மட்டும் புகாரில் சேர்க்கவில்லை.

குட்டியின் அம்மா